கொக்குவில், மாலை ஐந்தரை வகுப்பு

சைக்கிள் கடைக்கு மேல்மாடி.
கரண்ட் வந்த கையோட
ஜெசிந்தா ரீச்சர் பாட்டைப் போட்டா.
ஆரோ ஒருத்தன்
விட்டிட்டுப் போனவளை நினைச்சு
ஸ்பானிஷில கரகரக்கிறான்.

விளங்கின சொல்லை எழுதட்டாம்.
சப்பாத்து. மேசை. அலுமாரி.
பாண்கூட விளங்கிச்சு.
அவள் எடுக்காமல் போன சாமான்
எங்கட வீட்டிலயும் கிடக்கு,
பறங்கி கப்பலில கொண்டந்து
இறக்கிப்போட்டுப் போனது.

‘கியெரோ’வில பேனை நிண்டிட்டுது.
வேணும் எண்டாலும் அதுதான்,
விருப்பம் எண்டாலும் அதுதானாம்.

எழுத்து முடிஞ்சு
பார்சிலோனா விசாவுக்குக் காத்திருக்கிற யசோதினி
கையை உயர்த்தினாள்:
“அப்ப, பாண் கேக்கிற மாதிரியே
அவரிட்டையும் சொல்லலாமோ?”

ரீச்சர் கொஞ்சம் யோசிச்சா.
பசிச்சால் சொல்லலாம் எண்டா.

பாட்டைத் திருப்பிப் போட்டா.
இந்தமுறை ஒருத்தரும் எழுதேல்லை.
கீழ ரயருக்குக் காத்தடிக்கிற சத்தம்,
தாளம் பிழைச்சு.