பொருள் எண் ஏழு

நியூ பெட்ஃபோர்டு நகராட்சி, இரண்டாம் மாடி.
வெந்நீர்க் குழாய் கணகணவென்று அடித்துக்கொள்ளும் அறை.
நான் குறிப்பெழுதுகிறவள்.
யார் எழுந்தார், யார் முன்மொழிந்தார்,
யார் வழிமொழிந்தார், அவ்வளவுதான் என் வேலை.
பெருமூச்சுக்கு எங்கள் படிவத்தில் கட்டமில்லை.

பொருள் எண் ஏழு:
திமிங்கல எண்ணெய்க் காசில் எழும்பிய
1838ஆம் வருடத்து வீடு.
கொல்லையில் ஓர் அறை கட்ட
அனுமதி கேட்பவர் ஒன்டினா பாரோஸ், செவிலி.
பதினெட்டடிக்குப் பதினான்கு.
ஒரு கதவு, மூன்று சன்னல், ஒரு கழிவறை.

எதற்கு என்றார் தலைவர்.
தம்பிக்கு என்றாள்.
சிப்பி வாரும் படகில் விஞ்ச்
அவன் இடது காலைக் கயிறென்று நினைத்துவிட்டது.
வீட்டு மாடிப்படியோ
மாலுமிகளுக்கென்று அடித்த ஏணி.
ஏழு மாதமாய்த் திபூர்சியோ படுப்பது சாப்பாட்டு அறையில்,
தட்டு அலமாரிக்கும் கடிகாரத்துக்கும் நடுவே.
"யாராவது வந்தால்
தூங்குவதுபோல் நடிக்கிறான்."
இதை நான் எழுதவில்லை.
பொருளுக்குத் தொடர்பில்லாதது.

பிறகு ஆட்சேபணைகள்.
ஒருவருக்குக் கூரையின் சரிவு.
ஒருவருக்குச் சன்னல் சட்டத்தில் பிளாஸ்டிக்.
நிழல் விழும் என்றார் திருமதி க்விம்பி.
எதன்மேல் என்று கேட்டதற்குக்
கொஞ்சம் யோசித்து,
"பொதுவாக" என்றார்.
இன்று அறை, நாளை வாடகை,
நாளன்றைக்குத் தெருவெல்லாம் குப்பைத்தொட்டி என்று
பின்வரிசைக் குரல் ஒன்று படி இறங்கிப் போனது.
ஒன்டினாவைப் பிடிக்காது என்று ஒருவரும் சொல்லவில்லை.
நல்ல பெண் என்றுதான் எல்லோரும் தொடங்கினார்கள்.
"ஆனால்" என்ற சொல்லை
அன்று பதினொரு முறை எழுதினேன்.

கடைசியில் லெமுவெல் டாகெட்.
பக்கத்து வீடு. ஓய்வுபெற்ற நில அளவையர்.
கேப்டன் காலந்தொட்டு அந்தக் கொல்லையில்
புல்லைத் தவிர எதுவும் நின்றதில்லை,
அத்தாட்சி கொண்டுவருகிறேன் என்று
போன கூட்டத்தில் சவால் விட்டவர்.
மூன்று வாரம் நூலகத்தின் நிலவறையில் கிடந்தாராம்.
குழலிலிருந்து ஒரு வரைபடத்தை உருவி விரித்தார்.
சுருண்டுகொண்டே வந்தது.
ஒரு மூலைக்கு என் ஸ்டேப்ளர்,
ஒன்றுக்குத் தலைவரின் காபிக் கோப்பை,
ஒன்றுக்கு அவருடைய கண்ணாடிக் கூடு.
நான்காவதை ஒன்டினா கையால் அழுத்திப் பிடித்தாள்.

தீக்காப்பீட்டுக்காரர்கள் 1888இல் போட்டது.
கல் வீடு நீலம், செங்கல் சிவப்பு, மரம் மஞ்சள்.
அவள் முளையடித்துக் கயிறு கட்டியிருக்கும் அதே இடத்தில்
நகக்கண் அளவு மஞ்சள்.
உள்ளே ஓர் எழுத்து.
குடியிருப்பு என்று பொருள்.

டாகெட் வாய் திறக்கவில்லை.
அதைக் குழலிலேயே விட்டிருக்கலாம்.
யாருக்குத் தெரியப்போகிறது.

"யார் இருந்தார்கள்?" என்றாள் ஒன்டினா.
"இது ஆளைச் சொல்லாது.
எது எரியும் என்பதை மட்டும் சொல்லும்."

அத்தோடு முடிந்தது என்று நான் பேனாவை மூட,
மனிதர் தொண்டையைச் செருமினார்.
இருந்தது என்பதால் கட்டுவதானால்
இருந்தபடிதான் கட்ட வேண்டும்.
பன்னிரண்டடிக்குப் பத்து.
கழிவறை கிடையாது.
அந்தக் காலத்தில் இல்லை.

கதவோரம் சக்கர நாற்காலியிலிருந்து
திபூர்சியோ முதல்முறையாகப் பேசினான்:
"அப்போது அவர்கள் எங்கே போனார்கள்?"
"கொல்லைக்கு" என்றார் டாகெட், சிரிக்காமல்.
"நானும் அதற்குத்தானே ஐயா
அனுமதி கேட்கிறேன்."

சிரிப்புக்கும் படிவத்தில் கட்டமில்லை.
ஆவணம் தாக்கல். முடிவு இல்லை.
மார்ச் மாதத்துக்கு ஒத்திவைப்பு.

சனிக்கிழமை பனி கொட்டியது.
ரொட்டி வாங்கப் போனவள்
தெருவைச் சுற்றிக்கொண்டு அந்த வழியாய் வந்தேன்.
நான்கு முளை. பனி ஏறித் தொய்ந்த கயிறு.
ஒரு முளை மட்டும் இடம் மாறியிருந்தது.
டாகெட்டின் வேலியிலிருந்து வந்து
திரும்பிப் போன பூட்ஸ் தடம்.
உள்ளே தள்ளினாரா, வெளியே நகர்த்தினாரா
என்று நின்று பார்த்தேன்.
பழைய குழியைப் பனி மூடியிருந்தது.
சாப்பாட்டு அறையில்
பகலிலேயே விளக்கு எரிந்தது.