செகண்ட்ஸ்

இருபத்திரண்டு வருசம்
பனியன் கம்பெனியில் செக்கிங்.
ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்,
கண்ணில் பட்டால் சிவப்பு ஸ்டிக்கர்.
வீட்டுக்கு வந்தால்
கண்ணாடி முன்னாலும் அதே வேலை.

நாய்க்குட்டியைக்கூட
"தள்ளிப் போங்க சாமி" என்கிற ஊரில்
எனக்கு மட்டும் நான்
"ஏய் மூதேவி".

நாற்பத்தேழு வயசில், பல்லடம் ரோட்டில்,
"செகண்ட் போடுங்கக்கா" என்கிறான்
ஓட்டப் பழக்குகிற பையன்.
மூன்றாம் தடவையாகக் குலுங்கி நிற்கிறது கார்.

வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்:
"ஏனுங் வசந்தாமணி,
வெசனப்படாதீங்க.
செகண்ட்ஸ் சரக்குக்கும்
காதர்பேட்டையில கிராக்கி இருக்குதுங்."

சிரிப்பு அடங்கவில்லை.
பின்னால் லாரிக்காரர்
ஆரனை அழுத்துகிறார்.

இருங்க தம்பி,
இப்பத்தான் நாங்க ரெண்டு பேரும்
பேச ஆரம்பிச்சிருக்கோம்.