மூன்று உடை, ஆயிரத்து ஐந்நூறு

குரூப் போட்டோவில் நான் எப்போதும்
இரண்டாம் வரிசையின் ஒரு காது.
ஒன்றாம் வகுப்பில் பாதி நெற்றி.
ஐந்தில் அம்மை போட்டு வீட்டில்.
எட்டில் கண்ணை மூடிவிட்டேன்.
பத்தில் எனக்கு முன்னால்
உதயகுமாரி டீச்சரின் குடை.

அதனால்தான் பிராக்டிகலுக்கு முந்தின ஞாயிறு
தனியாக ஒரு படம் என்று முடிவானது.
லோகு அண்ணன் ரேட்டுச் சொன்னார்:
மூணு டிரஸ்ஸு, ஆயிரத்தி ஐந்நூறு,
எடம் நீங்களே பாத்துக்கோணும்,
வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சுப்போடோணும்.
லீவில் சர்க்கரை மூட்டை தைத்த காசு
ஆயிரத்து இருநூறு இருந்தது.
மீதி நஸ்ரின் கடன்.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
ஒரு வாரம் திட்டம் போட்டோம்.
கொடிவேரி வேண்டாம்,
அங்கே கல்யாண ஜோடிகள் வரிசையில் நிற்கும்.
மஞ்சக்காடு, வெட்டியாச்சு, வெறும் மண்கட்டி.
கரும்பாலைப் புகை அழகுதான், ஆனால் தும்முவேன்.
கீழ்பவானி வாய்க்கால் மதகு,
முறைத்தண்ணீர் அன்றைக்கு வந்தால்.
உடை: சுடிதார், பாவாடை தாவணி,
நஸ்ரினின் ஜீன்ஸ் (இடுப்பில் பின் குத்திக்கொள்ள வேண்டும்).
பல் தெரியச் சிரிப்பதா என்பது மட்டும்
வியாழன் வரை முடிவாகவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மா பீரோவைத் திறந்தாள்.
மாம்பழக் கலர் பட்டு கட்டிலில் விரிந்தது.
"மூணுல ஒண்ணு இதுல எடுத்துரு சாமி.
நின்னாப்பல ஒண்ணு, உக்காந்தாப்பல ஒண்ணு.
நாளைக்கு ஆரு கேட்டாலும் குடுக்கலாமல்லோ."
ஆரு கேப்பாங்க என்று நான் கேட்கவில்லை.
பெருந்துறைப் பெரியத்தை போன தீபாவளிக்கே
என் நட்சத்திரத்தைக் குறித்துக்கொண்டு போய்விட்டாள்.

அம்மாவிடமும் அப்படி ஒரு படம் இருக்கிறது.
பதினேழு வயசு. ஈரோட்டில் ஒரு ஸ்டுடியோ.
பின்னால் வரைந்த அருவி,
கையில் பிளாஸ்டிக் ரோஜா,
உடம்பில் பக்கத்து வீட்டு மயிலக்காவின் சேலை.
மூன்று வீடு போய்த் திரும்பியது அந்தப் படம்.
நாலாவது வீட்டிலிருந்து வரவில்லை.
அதன் பின்னாலேயே அவள் போனாள்.

ராத்திரி நோட்டை எடுத்து எல்லாவற்றையும் அடித்தேன்.
உடை ஒன்று: யூனிஃபார்ம்.
உடை இரண்டு: யூனிஃபார்ம்.
மூன்று: அதுவே, ஓவர்கோட் இல்லாமல்.
ரெட்டைச் சடை, மடித்துக் கட்டின ரிப்பன்,
அரசாங்க சைக்கிளின் மேல் ஒரு கை,
விரலில் இருக்கும் மையைத் துடைக்கக் கூடாது.
எந்தத் தரகர் பையிலும் நுழையாது இந்தப் படம்.
"ஒரே டிரஸ்ஸுன்னா ஆயிரத்துக்கே பேசியிருக்கலாமேடி"
என்றாள் நஸ்ரின்.
அது எனக்குத் தோணவே இல்லை.

ஞாயிறு. மதகில் தண்ணீர் இருந்தது.
அம்மாவும் வந்தாள், ஒயர் கூடையோடு.
கூடைக்குள் என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியும்.
லோகு அண்ணனின் கையாள் பையனுக்குக் காய்ச்சல்.
"அக்கா, சித்தெ இதப் புடிங்க" என்று
வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை
அவள் கையில் கொடுத்துவிட்டார்.

முதலில் என் வயிற்றில் வெளிச்சம் போட்டாள்,
பிறகு சைக்கிள் பெல்லில்.
"மேலக்கா, இன்னும் மேல, மூஞ்சிக்கு."
இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள்.
அவள் முகம் அட்டைக்குப் பின்னால் போய்விட்டது.
முந்தானையும் எட்டு விரலும்தான் மிச்சம்.
"கண்ணு கூசுதா?" என்றது அட்டை.
கூசியது.
இல்லை என்றேன். மூடவில்லை.

கூடையைப் பிரிக்கவே இல்லை.
வரும்போது கேரியரில் உட்கார்ந்துகொண்டு
"இதுலயே ஒண்ணப் பெருசாப் போடச் சொல்லு" என்றாள்.
எதுக்கு?
"செவுத்துல ஒரு ஆணி சும்மாத்தான இருக்குது."
அப்புறம், பாலத்து மேட்டில்,
"பட்டுல நாளைக்குக்கூட எடுத்துக்கலாம்."
மேடு. இரண்டு பேர் கனம், ஒரு சேலை.
நின்றுகொண்டு மிதித்தேன்.