பீச்சாங்கைச் சுட்டி

சிம் லிம் சதுக்கம், நான்காம் மாடி.
மின்படி பழுது. ஏறி வந்த மூச்சு அடங்கவில்லை.
கண்ணாடிப் பேழைக்குள் படுத்திருக்கின்றன
சுட்டிகள்,
அத்தனையும் ஒரே பக்கம் ஒருக்களித்து.

இடக்கைக்கா என்கிறார் கடைக்காரர் டெரன்ஸ் கோ.
கேள்வி இல்லை அது, பெருமூச்சு.
"இப்பல்லாம் செய்றதில்ல லா.
நீங்க எத்தன பேரு இருக்கீங்க?"

எண்ணிப் பார்த்தேன்.
தொடக்கப்பள்ளியில், என் வகுப்பில், இரண்டு பேர்.
ஹுய் மின் மூன்றாம் வகுப்பிலேயே கை மாற்றிக்கொண்டாள்.
நான் திருநீறு வாங்கும்போதெல்லாம்
மணிக்கட்டில் ஓர் அடி வாங்கி,
அப்படியே இருந்துவிட்டேன்.

முதலில் எடுத்தது உள்ளங்கை நிறையக் கொழுத்தது.
கட்டைவிரலுக்கென்று குழி தோண்டியிருந்தார்கள்,
என் சுண்டுவிரல் போய் விழுந்தது.
அடுத்தது உடம்பெல்லாம் துளை,
நாற்பத்தொன்பது கிராமுக்கு இளைத்திருந்தது.
தூக்கினால்
தூக்கியதாகவே தெரியவில்லை.
உலகப் போட்டிக்காரர்கள் கேட்பது இதைத்தான் என்றார்.

நான் உலகப் போட்டிக்காரி இல்லை, அண்ணே.
செங்காங்கில் மூவறை வீடு.
பதினொரு மணிக்கு மேல் ஐந்து பேர் அணி.
அதில் பின்வாசலைக் காப்பவள்.
அங்குலத்துக்கு இருபத்தாறாயிரம் புள்ளியாம்,
என் மேசையில் பாதி இடம் மடிக்காத துணிக்கு.
எண்ணூறு போதும்.

சத்தம்தான் கவலை.
சுவருக்கு அப்பால் தணிகைவேல் தூங்குவான்,
நாலரைக்கு டிப்போவில் இருக்க வேண்டும்,
டக்கென்று கேட்டால் கனவிலும் பிரேக் போடுகிறவன்.
சத்தமில்லாத ரகமும் உண்டு.
அழுத்தினேன்.
ஊறிய பிஸ்கட்டை அழுத்துவதுபோல் இருந்தது.

சுட்டினேன் என்பதற்கும்
சுட்டேன் என்பதற்கும்
நடுவே ஓர் எழுத்துதான்.
ஆட்டம் முழுவதும் அந்த ஓர் எழுத்துக்குள்தான் நடக்கிறது.
ஊறிய பிஸ்கட்டோடு அதைத் தாண்ட முடியாது.

கடைசியில் ஏணி வைத்து ஏறி,
மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியைத் தட்டித் துடைத்துத் தந்தார்.
இடமும் வலமும் ஒன்றுபோல்,
இரண்டு விலாவிலும் பொத்தான்,
அறுபத்தொரு கிராம்.
கட்டைவிரல் தானாகப் போய் உட்கார்ந்தது,
எம்ஆர்டியில் காலி இருக்கை கண்டவர்போல.
நூற்றுமுப்பது சொன்னார். தொண்ணூற்றைந்துக்கு வந்தார்.
பேநவ்வில் அனுப்பினேன்.
எந்தக் கையால் கொடுத்தாய் என்று
வங்கி கேட்கவில்லை.

இரவு, செருகியதும் கணினி கேட்டது,
முதன்மைப் பொத்தான் இடமா, வலமா.
இடக்கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளலாமாம்.
பன்னிரண்டு வருடமாய் என் நடுவிரல்தான் சுடுகிறது.
அதன் வேலையைப் பிடுங்குவானேன்?
அப்படியே விட்டேன்.

முதல் ஆட்டம் தோற்றோம்.
"இந்தச் சுட்டியால வந்த வினை" என்றார் அணித்தலைவர் மரியதாஸ்,
மேசையில் இருப்பதைச் சொன்னாரா
என்னைச் சொன்னாரா, தெரியவில்லை.
இரண்டாவது ஆட்டத்தில்
பின்வாசல் வழியே ஒருவனும் வரவில்லை.

நாலு மணி.
விளக்குப் போடாமல் சட்டைப் பொத்தான் மாட்டியபடி
தணிகை கேட்டான்:
"நேத்து முப்பத்தோரு பேரா?
எண்ணிக்கிட்டே படுத்திருந்தேன்."

பதினாலுதான் என்றேன், போர்வைக்குள்ளிருந்து.
மீதி, குறி தப்பியது.