கூடுதல் ஒன்று

லோஷினிக்கு இருபத்தொன்று.
ஜெலுத்தோங் வீட்டு முன்னால் போட்ட கூடாரம்
பக்கத்து வீட்டு லிம் கார் நிறுத்தும் இடம்வரை நீண்டது.
கேட்டுத்தான் போட்டோம்.

நூற்றிருபது பேருக்குச் சொன்ன சாப்பாடு,
தலைக்கு இருபத்தெட்டு வெள்ளி.
ஆட்டிறைச்சிப் பிரட்டல், நண்டு ரசம், வாழைக்காய் வறுவல்,
முட்டை போடாத கேக் தனி.
கொட்டேஷனின் கடைசியில்
வாடகைத் தட்டுக்கும் குளிர்பானப் பீப்பாய்க்கும் நடுவே
"பரிமாறும் ஆட்கள் எட்டு" என்று ஒரு வரி.

அந்த எட்டுப் பேருக்கு என்ன கொடுப்பது
என்பதில்தான் வீடு இரண்டாகப் பிரிந்தது.

பில்லில் எல்லாம் சேர்த்தாச்சு என்றார் இவர்.
முதலாளி கையில் மொத்தமா நூறு கொடு,
அவர் பிரிச்சுக் கொடுப்பார் என்றாள் நாத்தனார்.
கொடுப்பாரா?
அது அவர் பாடு.
போன வருஷம் அவள் வீட்டு வளைகாப்பில்
மிஞ்சிய சோற்றைக் கட்டிக் கொடுத்து
அதையே டிப்ஸ் என்று சொன்னது ஞாபகம் வந்தது.
நான் வாயைத் திறக்கவில்லை.
முன்னாலேயே கொடுத்துவிடு, கறி அள்ளி வைப்பார்கள்
என்றது ஈப்போவிலிருந்து ஒரு தொலைபேசிக் குரல்.
லோஷினி தலை தூக்காமல் சொன்னாள்:
கியூஆர் கேளுங்கம்மா.

உறை தேடினேன்.
இழுப்பறையில் இருந்தவை
வங்கி கொடுத்த சீனப் புத்தாண்டுச் சிவப்பு மூன்று,
கெத்துப்பாட் வரைந்த பச்சை நான்கு,
தீபாவளி ஊதா ஒன்று, மயிலின் வால் மடிந்தது.
சரியாக எட்டு. எனக்கு அதுவே சகுனம்.

ஒவ்வொன்றிலும் ஓர் இருபது வைத்தேன்.
வைத்த பிறகும் கை நிற்கவில்லை.
மொட்டை இருபதாய்க் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை.
கல்யாணமோ காதுகுத்தோ
ஐம்பத்தொன்று, நூற்றொன்று.
முழுதாய் முடிந்தால் கணக்குத் தீர்ந்தது,
ஒன்று மிகுந்தால் இன்னும் போக்குவரத்து இருக்கிறது.
ஆனால் இது மொய் இல்லை.
கூலியும் இல்லை, அதை வேறொருவர் கொடுக்கிறார்.
இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் இதற்கு
எங்கள் வீட்டில் ஒரு சொல் இல்லை.
டிப்ஸ் என்கிறோம், மேசையைப் பார்த்துக்கொண்டு.

நீல நோட்டு எட்டு எடுத்துச்
செருகினேன்.

பத்தரைக்குக் கூட்டம் குறைந்தது.
எட்டுச் சட்டையின் முதுகிலும் ஒரே பெயர்,
மரியசூசை கேட்டரிங்.
அந்தப் பெயருக்கு உரியவர்
காற்றாடி முன்னால் உட்கார்ந்து
பாக்கிப் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.
நான் பின்பக்கம் போனேன்,
கால்வாயோரம், தட்டுக் கழுவும் இடத்துக்கு.
ஒருவன் ஈரக் கையைத் தொடையில் துடைத்து வாங்கினான்.
ஒருத்தி கண்ணில் ஒற்றிக்கொண்டாள்,
எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.
பச்சை உறை கிடைத்த தமிழ்ப் பையன்
சிவப்பு கிடைத்தவனிடம் மாற்றிக்கொண்டான்.

லோரி கிளம்பி முனையில் நின்றது.
ஒருவன் இறங்கி ஓடி வந்தான்,
நண்டு ரசம் ஊற்றிய வங்காளதேசத்துப் பையன்.
கையில் நீல நோட்டு.
காக், லெபே சத்து.
அக்கா, ஒன்று கூடுதல்.

கூடுதல் இல்லையப்பா, அதுதான் முறை என்று
எப்படிச் சொல்வது?
என் மலாய், சந்தையில் மீன் வாங்கும் மலாய்.
சம்போங், என்றேன். தொடரட்டும்.
எதைத் தொடர்வது என்பதுபோல் பார்த்தான்.
பிறகு லோரியைத் திரும்பிப் பார்த்தான்.
போஸ் மாரா, என்றான், முதலாளி கோபிப்பாராம்.
கையில் ஒன்று மிகுந்திருந்தால்
எடுத்ததாகிவிடும் என்று
எந்த வீட்டில், யார் அவனுக்குக் கற்றுக்கொடுத்தார்களோ.
நோட்டைக் கேட் கம்பியில் செருகிவிட்டு ஓடினான்.
பெயர் கேட்கவில்லை நான்.

மற்ற ஏழு பேர் திரும்பி வரவில்லை.
தெரிந்து வைத்துக்கொண்டார்களா,
உறையை இன்னும் பிரிக்கவே இல்லையா.

காலையில் அது குளிர்பெட்டிமேல்
கேக் கத்திக்கு அடியில் கிடந்தது.
ரொட்டிக்காரர் சந்தில் நுழைந்து ஹாரன் அடித்தார்.
ஒரு வெள்ளி குறையுதே என்று முனகியபடி
இவர் அதை உருவிக்கொண்டு வெளியே போனார்.
தடுக்க எழுந்தேன்.
அதற்குள் நோட்டு மோட்டார் ஏறி
அடுத்த சந்துக்குத் திரும்பிவிட்டது.