அறுபது டிகிரி

சித்திரையில் கம்பளி பின்னுகிறவளை
விம்கோ நகர் மெட்ரோவில் எல்லோரும் பார்க்கிறார்கள்.
"யாருக்கு ஸ்வெட்டர்? ஊட்டியா?"
கூடை என்றால் நம்புவதில்லை.

ஏசி பெட்டிக்குள்தான் ஊசி வழுக்கும்,
வெளியே நூல் விரலோடு ஒட்டும்.
அதனால் ஆலந்தூருக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் நடுவில்
மட்டும் வளர்கிறது என் கூடை.

இடக்கையில் நீலம், வலக்கையில் கடுகு மஞ்சள்.
முகப்பில் நீலம் பேசும்போது
மஞ்சள் பின்னால் ஓசையின்றிக் கடக்கும்.
இறுக்கினால் சுருக்கம் விழும்.
விட்டுப் பிடிக்க வேண்டும்.

முடிந்தபோது தொளதொளவென்று
ஒரு குழந்தை உட்காரலாம் போல இருந்தது.

போன வருஷம் ஜெபராஜின் மணாலி ஸ்வெட்டரைத்
தெரியாமல் வெந்நீரில் போட்டேன்.
ஒரு வாரம் பேச்சில்லை.
இன்று தெரிந்தே திருகுகிறேன்: அறுபது டிகிரி.
துணைக்கு ஒரு பழைய ஜீன்ஸ்.

கண்ணாடிக் கதவின் முன் அவனும் வந்து குந்துகிறான்.
"போச்சா?"
கண்ணிகள் ஒன்றில் ஒன்று கரைந்துகொண்டிருந்தன.

பாதியாகி, ஈர ஆட்டு வாசனையோடு வந்ததை
மொட்டைமாடியில் குக்கர்மேல் கவிழ்த்தேன்.
மத்தியானத்துக்குள் தானாக நின்றது.

எங்கே வைத்திருந்தானோ,
சுருங்கிய அந்த ஸ்வெட்டரை மடித்து
உள்ளே வைக்கிறான்.
அளவு சரியாக இருக்கிறது.