எண் ஒன்று

சோமனூர். குழந்தைவேலண்ணன் தறிக்குடோன்.
இருபத்திநாலு தறிக்கும் மீட்டர் கணக்கெடுக்க
சோப்புக்கட்டி அளவில் ஒரு போர்டு.
கரண்ட் போய் வந்தால் தானே எழ வேண்டும்.
எழவில்லை. அதற்குத்தான் நான்.

கெர்னலுக்குக் கண் திறக்கத் தெரியும்,
வீடு எங்கே என்று தெரியாது.
வீடு இருப்பது கார்டில்.
கார்டைப் படிக்கும் டிரைவர்
அந்த வீட்டுக்குள்.
சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய
புண்ணியவான் யாரோ.

ஆகவே ராமில் ஒரு பொய்வீடு.
ஐந்து காலி ஃபோல்டர்,
எல்லா வேலைக்கும் ஒரே ஆளாக பிஸிபாக்ஸ்,
அந்த டிரைவர்,
இனிட் என்று பெயர் வைத்த பதினோரு வரி.
மூட்டை கட்டிச் சுருக்கினால் ஒண்ணேகால் எம்பி.

இனிட்டை ஓட்ட முடியவில்லை என்றது முதலில்.
ஓட அனுமதி தர மறந்திருந்தேன்.
அடுத்து, கார்டு விழிக்கும் முன்னே
கார்டைக் கேட்டுவிட்டேன்;
இரண்டு விநாடி தூங்கு என்று ஒரு வரி சேர்த்தேன்.
அப்புறம் திரை முழுக்க எழுத்து ஓடி நின்றது:
இனிட்டைக் கொல்ல முயற்சி.

மணி இரண்டரை. கொலைக்காரனுக்கு டீ இல்லை.

நின்றிருக்கும் ஏழாம் தறியில்
பேபிசரோஜா பாவு பிணைக்கிறார்.
தீர்ந்த பாவின் வால் ஒரு சாண்
அச்சில் கோத்தபடியே கிடக்கிறது.
அதன் இழையோடு புது இழை,
சாம்பல் தொட்ட விரலில் ஒரு முறுக்கு.
இரண்டாயிரத்து நானூறு இழை.
போனில் சீரியல் ஓடுகிறது, பார்ப்பதில்லை.
முடிந்தால் இழுப்பார்கள்,
வால் முன்பக்கம் வந்து விழும்,
அறுத்து வேஸ்ட்டு மூட்டையில் போடுவார்கள்.

கடைசி வரியில் ஒரு சொல் விட்டிருந்தேன்.
என் இடத்தில் நீயே இரு, என்கிற சொல்.
அது இல்லாததால் என் ஸ்கிரிப்ட்
அடுத்தவனைக் கூப்பிட்டுவிட்டு
எண் ஒன்றில் தானே நின்றுகொண்டிருந்தது.

சேர்த்தேன். எழுந்தது.
பொய்வீடு தன் கோப்புகளைத் தானே துடைத்துக்கொண்டது.
எண் ஒன்று அதே எண் ஒன்று,
ஆள் வேறு.

"ஆச்சுங்ளா?" என்றார் அண்ணன், கோணிமேல் படுத்தபடி.
"ஆச்சுங்க."
நம்பவில்லை. எழுந்து போய்
சொல்லாமல் மெயினை இறக்கினார்.

இருபத்திமூன்று தறியும் ஒரே மூச்சில் அடங்கின.
இருட்டில் போன் மட்டும்
யாருடைய கல்யாணத்தையோ நிறுத்திக்கொண்டிருந்தது.
"எந்த எழவெடுத்தவன்..." என்று தொடங்கிய பேபிசரோஜா
முதலாளி என்று தெரிந்தும் முழுசாய்ச் சொல்லி முடித்தார்.

மெயின் ஏறியது. போர்டில் பச்சை
ஒருமுறை மின்னி, யோசித்து, நிலைத்தது.
அவர் இழைகளைத் தடவிக்கொண்டே கேட்டார்:
"எங்க உட்டேன் நானு?"